குளியலறைக் குழாயும் கல்யாணப் புடவையும்

ஏழாம் நம்பர் கடற்கரைக்குப் போகும் ஏற்றத்தில் ஜீப் பாதி தூரம் ஏறியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாயர் சார் மூக்கை உறிஞ்சினார்.

"சேதூ, ஏதோ கரிஞ்ச மணம் வருது கேட்டோ."

"யாரோ சமைக்கிறாங்க சார்," என்றேன். அந்த இடத்தில் இரண்டு பக்கமும் காடு. சமைக்கிற ஆள் என்றால் அங்கே பன்றிதான் உண்டு.

அடுத்த வளைவில் பானட்டுக்கு அடியில் 'புஸ்' என்று சத்தம் கேட்டது. டாஷ்போர்டில் எண்ணெய் எச்சரிக்கை விளக்கு சிவப்பாக எரிந்தது. எஞ்சினை அணைத்து, கை பிரேக்கை இழுத்து, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். நாங்கள் ஏறி வந்த புதுத் தார்ச்சாலையில் ஒரு பளபளப்பான கோடு போய்க்கொண்டிருந்தது. நாயர் சார் தன் வெள்ளைப் பேண்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதைத் தாண்டினார்.

அந்தமானின் ஹேவ்லாக் தீவில் ஒரு கடற்கரை விடுதிக்கு அவர் மேனேஜர். காலைப் படகில் வரும் காய்கறி, மீன், சலவைத் துணி எல்லாவற்றையும் ஜெட்டி என்கிற படகுத்துறையிலிருந்து விடுதிக்குக் கொண்டுபோக ஒரு வண்டி வேண்டும். அந்த சீஸனுக்கு அந்த வேலையை எனக்குத் தருவதா, இன்னொரு வண்டிக்காரர் அப்பாராவின் புது பிக்கப்புக்குத் தருவதா என்று பார்க்கத்தான் அன்று என் ஜீப்பில் ஏறியிருந்தார்.

"தீபாவளி கழிஞ்சா முதல் கெஸ்ட் வரும்," என்றார். "அன்னைக்குக் காலைல இந்த வண்டி ஜெட்டியில நிக்கணும். ரோட்டுல மூத்திரம் போகக் கூடாது. போச்சுன்னா அப்பாராவ்."

எனக்கு ஒரு மாதம் இருந்தது.

இரண்டு குழாய்கள்

இந்தத் தொடரை முதன்முறை படிப்பவர்களுக்காக ஜீப்பின் ஜாதகத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போர்ட் பிளேரில் ஏலத்தில் எடுத்த பழைய பெட்ரோல் ஜீப் அது. பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிப் போட்டுவிட்டு, மோதி நொறுங்கிய ஒரு பிக்கப்பின் டீசல் எஞ்சினை அதற்குள் இறக்கினேன். முடியாது என்று சொன்னவர்கள் எல்லோரும் பிறகு வந்து பானட்டைத் திறந்து பார்த்துவிட்டுப் போனார்கள். இந்த ஜீப்பை என்னைவிட அறிந்தவன் தீவில் கிடையாது. இதை நான் அடக்கத்தோடுதான் சொல்கிறேன்.

ஒரே ஒரு சங்கடம். டீசல் எஞ்சினின் ஆயில் ஃபில்டர் ஜீப்பின் சட்டத்தில் இடித்தது. அதனால் ஃபில்டரை எடுத்து, ஓர் அலுமினியக் கட்டையில் பொருத்தி, மட்கார்டின் உட்பக்கம் தள்ளி வைத்தேன். எஞ்சினிலிருந்து அழுக்கு எண்ணெய் அங்கே போக ஒரு குழாய், சுத்தமான எண்ணெய் திரும்பி வர ஒரு குழாய். இரண்டில் ஒன்று போனாலும் எஞ்சினுக்கு ஆயுள் ஒரு நிமிடம்தான்.

சாதாரண ரப்பர் ஹோஸ் சைலன்சர் குழாயின் சூட்டிலும் கடல் காற்றிலும் மூன்று மாதத்தில் வெடிப்பு விட்டது. வேண்டியது எஃகுக் கம்பி பின்னிய ஹோஸ். அதுதான் தீவில் இல்லை.

இல்லை என்று சொன்னாலும் தவறு. இங்கே ஊர்களுக்கு நம்பர்தான் பெயர்; மூணாம் நம்பர் பஜாரில், பிமல்தா என்று எல்லோரும் கூப்பிடும் வங்காளி அண்ணனின் கடைச் சுவரில் அது சரம் சரமாகத் தொங்கியது. ஹேவ்லாக்கில் ஒரு எஞ்சின் போல்ட் வாங்க நாயாய் அலைய வேண்டும். ஆனால் விடுதிகள் வரிசையாகக் கட்டுகிறார்கள் அல்லவா, ஷவர், கமோடு, கீஸர் குழாய் என்று குளியலறைச் சாமான் மட்டும் கப்பல் கப்பலாக வந்து இறங்கும். அந்தக் கீஸர் குழாயின் மேல் வெள்ளிக் கம்பி பின்னியிருக்கும். பார்த்தால் பந்தயக் கார் ஹோஸே தோற்றுவிடும்.

"சேது பாய், யே கீஸர் கா பைப் ஹை. கரம் பானி கே லியே," சுடுதண்ணிக்கான குழாய் இது என்று பிமல்தா எச்சரித்தார்.

"தண்ணி சுட்டா என்ன, எண்ணெய் சுட்டா என்ன தாதா? கரம் தோ கரம் ஹை."

உங்கள் இஷ்டம் என்று தோளைக் குலுக்கிவிட்டு இரண்டு குழாயும், அவற்றைக் கட்டையில் மாட்ட இரண்டு பித்தளை நிப்பிளும் எடுத்துக் கொடுத்தார்.

நிப்பிளின் மரை என் ஃபில்டர் கட்டையில் சுகமாக ஏறியது. இரண்டு சுற்றுக்குப் பிறகு கொஞ்சம் முரண்டு பிடித்தது. பிளம்பர்கள் சுற்றும் வெள்ளை டேப்பை நாலு சுற்று கூடுதலாகச் சுற்றி, ஸ்பானர் போட்டு இறுக்கினேன். பதினோரு நாள் ஒரு சொட்டுக் கசிவில்லை. படம் எடுத்துத் தீவின் வாட்ஸப் குழுவில் போட்டேன், ஊரே கைதட்டியது. பன்னிரண்டாம் நாள்தான் நாயர் சார் ஏறினார்.

வெடித்த குழாயை அன்று பிளேடால் கீறிப் பார்த்தேன். மேலே கம்பி மின்னிக்கொண்டிருந்தது. உள்ளே ரப்பர் பாலில் ஊறிய பன் மாதிரி உப்பி, கையோடு வந்தது.

மெயின்லேண்ட் லிஸ்ட்

ஆன்லைனில் தேடினேன். சிவப்பும் நீலமும் கலந்த ஃபிட்டிங்குகள், நகைக்கடைப் படம் மாதிரி. விலையைப் பார்த்துவிட்டு ஃபோனைக் கவிழ்த்து வைத்தேன். மலிவாக விற்ற கடைகளோ நம்முடைய பின்கோடைப் போட்டதும் கையை விரித்தன. போர்ட் பிளேரில் ஜேசிபி வண்டிகளுக்கு ஹோஸ் அடித்துத் தருகிற ஒரு பட்டறை உண்டு. ஹோஸ் இருக்கிறது, அழுத்தும் மெஷின் இருக்கிறது, உங்கள் மரைக்கான முனைதான் இல்லை, அடுத்த கப்பலில் வரும் என்றார்கள். அடுத்த கப்பல் என்பது எங்கள் ஊரில் ஒரு தேதி அல்ல, ஒரு ஆறுதல்.

மிஞ்சியது மெயின்லேண்ட் லிஸ்ட்தான்.

தீவில் யாராவது சென்னைக்கோ கல்கத்தாவுக்கோ புறப்பட்டால் அவர் பெட்டியை எடுப்பதற்கு முன்பே அக்கம்பக்கத்துக்குத் தெரிந்துவிடும். மூக்குக் கண்ணாடி, முறுக்கு அச்சு, காது மெஷின் பேட்டரி, பேரனுக்கு ஷூ என்று சீட்டுகள் வரும். ஏன், எதற்கு என்று கேட்கக் கூடாது. முடியாது என்று சொல்லவும் கூடாது, ஏனென்றால் அடுத்த முறை நமக்கும் சீட்டு எழுத வேண்டியிருக்கும். நானே ஒருமுறை, ஓய்வு பெற்ற ஒரு கிளார்க்கின் பல்செட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு விமானத்தில் வந்திருக்கிறேன். மூன்று மணி நேரமாவது அது என் நெஞ்சைக் கடித்தபடியே வந்தது.

அந்த மாதம் மெயின்லேண்ட் போகிறவர் என் மனைவி விஜயா. அவள் மதுராந்தகத்துக்காரி. அவளுடைய அண்ணன் மகளுக்குக் கல்யாணம். நான் ஜீப்பை விட்டுவிட்டு வர முடியாது என்று முன்பே சொல்லிவிட்டேன்.

விஜயா ஜீப்புக்கு வைத்திருந்த பெயர் சக்களத்தி.

"உங்க சக்களத்திக்கு நான் கடை கடையா ஏறி எறங்கணுமா? கல்யாணத்துக்குப் போறனா, வேற எதுக்கனா போறனா?"

"ஒரே கடைதான். எல்லாம் எழுதியிருக்கேன்."

அரை அங்குலம், தண்ணிக் குழாய் மரை, இன்ன நீளத்தில் இரண்டு. படமும் போட்டிருந்தேன். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"தண்ணிக் கொழா மரைதான்னு எப்டித் தெரியும்?"

"பிமல்தா கடை நிப்பிள் ஏறுச்சுல்ல?"

"ஏறிச்சு. அப்புறம்?"

"அப்புறம் வெடிச்சது ரப்பர். மரை என்ன பண்ணுச்சு?"

சீட்டை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

ஒரு திருட்டு

காலைப் படகில் அவளை ஏற்றிவிட்டு, ஆட்டோவில் வீட்டுக்கு வந்து ஜீப்பின் பானட்டைத் திறந்தேன். ஃபில்டர் கட்டையைக் காணவில்லை. அது இருந்த இடத்தில் மட்கார்டில் இரண்டு ஓட்டைகள்தான் இருந்தன.

இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அந்த இரண்டு போல்ட்டும் வாஷரோடு ஒரு டப்பா மூடியில் ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தன. கீழே எண்ணெய் சிந்தாமல் பழைய துணி விரித்திருந்தது. எந்தத் திருடன் அப்படிச் செய்வான்? ஆனால் எனக்குக் கண் மண் தெரியவில்லை. இந்தக் கட்டை இல்லாமல் போனால் யாருக்கு லாபம் என்று யோசித்தேன். ஒரு பெயர்தான் வந்தது.

வாட்ஸப் குழுவில் எழுதினேன்: 'என் ஜீப்பின் ஃபில்டர் கட்டையைக் கழற்றிக்கொண்டு போனது யாரென்று எனக்குத் தெரியும். ஒரு சீஸன் வேலைக்காக இவ்வளவு கீழே இறங்க வேண்டுமா? புது பிக்கப் வைத்திருப்பவருக்கு இது அழகல்ல.' ஹிந்தியிலும் எழுதினேன், யாருக்கும் புரியாமல் போய்விடக் கூடாது என்று. அந்தக் குழுவில் புது பிக்கப் வைத்திருந்தவர் ஒரே ஒருவர்.

அப்பாராவ் அன்று மதியத்துக்கு முன்பே நேரில் வந்தார். சத்தம் போடவில்லை. கேட்டுக்கு வெளியே நின்றார்.

"சேது பாய், தும்ஹாரா பார்ட் மேரே காடி மே லகேகா பீ நஹீ. நான் எதுக்கு எடுக்கறது?" என் சாமான் தன் வண்டிக்குப் பொருந்தவே பொருந்தாது என்பதை ஹிந்தியில் பாதியும் தெலுங்கு வாடை அடிக்கும் தமிழில் பாதியுமாகச் சொன்னார்.

நான் பதிலுக்கு வாயைத் திறந்தேன். ஃபோன் அடித்தது. விஜயா. படகு போர்ட் பிளேர் போய்ச் சேர்ந்து சிக்னல் வந்திருந்தது. என் ஃபோனில் எப்போதும் ஸ்பீக்கர்தான் வேலை செய்யும்.

"என்னங்க, அந்த ஃபில்டர் கட்டைய நான்தான் கழட்டி எடுத்தாந்தேன். தேடாதீங்க. சோப்புத் தூள் போட்டு ரெண்டு வாட்டி கழுவிட்டேன், ஏர்போர்ட்ல எண்ண நாத்தம் வராது."

"சொல்லிட்டு எடுக்கறதுக்கு என்ன?"

"சொன்னா குடுத்திருப்பீங்களா?"

"மாட்டேன்."

"அதான்."

அப்பாராவுக்கு அவ்வளவு தமிழ் புரியும். சிரித்திருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவர் சிரிக்காமல் ஒரு பார்வை பார்த்துவிட்டு, பிக்கப்பைக் கிளப்பிக்கொண்டு போனார். குழுவில் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். ஒருவரும் பதில் போடவில்லை. எல்லோரும் படித்துவிட்டார்கள் என்பது மட்டும் தெரிந்தது.

தைரியசாலி

சென்னையில் வண்டிச் சாமான் விற்கிற புதுப்பேட்டையில் நடந்ததை நான் பார்க்கவில்லை. விஜயா சொன்னதைச் சொல்கிறேன்.

கல்யாணம் முடிந்த மறுநாள் அவள் ஒரு ஹைட்ராலிக் ஹோஸ் கடைக்குப் போனாள். கடைக்காரருக்கு முப்பது வயது இருக்கும். என் சீட்டைப் படித்ததும் ஹோஸை வெட்டப் போய்விட்டார். இவள் பையிலிருந்து துண்டைப் பிரித்து, ஃபில்டர் கட்டையை எடுத்துக் கவுண்டரில் வைத்தாள்.

"முதல்ல இதுல உங்க முனைய ஏத்திப் பாருங்க. அப்புறமா வெட்டுங்க."

ஏற்றினார். இரண்டு சுற்று ஏறி, முரண்டு பிடித்தது. எடுத்துவிட்டு, சீப்பு மாதிரி பல் வைத்த ஒரு தகட்டைக் கட்டையின் மரையில் வைத்துப் பார்த்தார்.

"அக்கா, இது தண்ணிக் கொழா மரையே இல்ல. பல்லு எண்ணிக்க ஒண்ணுதான், சாய்வு வேற. ஏறுற மாதிரி ஏறும், டேப்பு சுத்துனா கொஞ்ச நாளு நிக்கும். சூடாயி ஆடுச்சுன்னா வுட்டுரும். இத யார் எழுதுனது?"

"எங்க வூட்டுக்காரரு."

"மெக்கானிக்கா?"

"இல்ல. தைரியசாலி."

பிறகு அவர் வெளியே வெள்ளிக் கம்பி மின்னும் ஒரு ஹோஸையும், கறுப்பு ரப்பர் போர்த்திய ஒரு ஹோஸையும் எடுத்துப் போட்டார். முதலாவதற்குப் பாதி கார் விலை சொன்னார். கறுப்பு ஹோஸின் துண்டு ஒன்றைச் சீவிக் காட்டினார். ரப்பருக்கு உள்ளே எஃகுக் கம்பி பாய் முடைந்தது மாதிரி நெருக்கமாகப் பின்னியிருந்தது. உள் ரப்பர் எண்ணெய்க்கென்றே செய்தது.

"ஜேசிபிக்கு எத போடுவீங்க?" என்று இவள் கேட்டாள்.

"கறுப்புதான்."

"அதையே போடுங்க."

சரியான மரையுள்ள முனைகளை வைத்து மெஷினில் அழுத்தித் தந்தார். அதோடு இவள் கிளம்பவில்லை. பம்பில் மாட்டி எண்ணெய் ஏற்றிக் காட்டச் சொல்லி, முள் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் வந்தாள். பந்தயக் கார் ஹோஸின் விலையில் இது எந்த மூலைக்கு!

என் சீட்டை நம்பிப் போயிருந்தால் இரண்டாவது முறையும் தண்ணிக் குழாய் மரையே வந்து இறங்கியிருக்கும். இது எனக்கு அன்று ஃபோனில் சொல்லப்பட்டது. நான் "ம்" என்றேன்.

ஜெட்டி

கடல் கொந்தளித்ததால் ஒன்றரை நாள் படகுகள் ஓடவில்லை. விஜயா போர்ட் பிளேரில் மாட்டிக்கொண்டாள். மறுநாள் காலையில் முதல் விருந்தினர் வர வேண்டும் என்கிற நிலையில், மதியப் படகில் வந்து சேர்ந்தாள். படகில் வாந்தி எடுத்த களைப்பு முகத்தில் தெரிந்தது. அது எனக்குப் பிறகு யோசித்தபோதுதான் ஞாபகம் வந்தது. ஜெட்டியில் நான் கேட்டது வேறு.

"ஹோஸ் எங்க?"

பெட்டியை என் பக்கம் தள்ளினாள். "நான் நல்லபடியாத்தான் வந்தேன்," என்றாள்.

நான் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தேன்.

அன்று வெளிச்சம் இருக்கும்போதே மாட்டி முடித்தேன். முனை கையாலேயே வழுக்கிக்கொண்டு ஏறியது, பிறகு ஸ்பானர் போட்டதும் கவ்வியது. சரியான மரை கவ்வுவது மணிக்கட்டிலேயே தெரியும். கீஸர் நிப்பிளில் அது தெரியவே இல்லை என்பதை அப்போதுதான் ஒப்புக்கொண்டேன். எஞ்சினைக் கிளப்பினேன். எண்ணெய் முள் ஏறி நின்றது. அரை மணி நேரம் ஓடவிட்டேன். கீழே விரித்த செய்தித்தாளில் ஒரு பொட்டு இல்லை.

மறுநாள் காலை, படகுக்கு முன்பே ஜெட்டியில் ஜீப் நின்றது. நாயர் சார் வந்தார். குனிந்து, தன் வெள்ளைக் கைக்குட்டையை பானட்டுக்கு அடியில் நீட்டி ஒத்தி எடுத்துப் பார்த்தார்.

"லோடு ஏத்து," என்றார். வேலை கிடைத்துவிட்டது.

ஒரு வாரம் நான் ராஜா. எட்டாம் நாள் மச்சான் மதுராந்தகத்திலிருந்து கூப்பிட்டார்.

"மாப்ள, யாராச்சும் அந்தப் பக்கம் வந்தா சொல்லுங்க. விஜயா புடவை இங்கதான் கெடக்குது."

"எந்தப் புடவை?"

"பொண்ணோட அத்தைக்குன்னு நான் எடுத்த பட்டு, மாப்ள. ஏர்போர்ட்ல ஹோஸ கையில கொண்டுபோக விடலியாம். பெட்டில வெச்சா எடை ஏறிப்போச்சு. புடவைப் பெட்டி, பலகாரம் எல்லாத்தயும் எடுத்து எங்க பையன் கையில குடுத்துட்டுப் போயிடுச்சு. உங்ககிட்ட சொல்லலியா?"

விஜயா பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். போய்க் கேட்டேன்.

"ஏன் சொல்லல?"

"ஹோஸ் எங்கன்னுதான கேட்டீங்க. புடவை எங்கன்னு கேக்கலியே."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஒரு தலையணை உறையை உதறிக் கொடியில் போட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. எஞ்சின் மாற்றியது, மரை பார்த்தது என்று ஊரெல்லாம் பேசித் திரிந்த நான், பத்து நாள் கழித்து வந்த பெண்டாட்டியின் முகத்தைப் பார்க்கவில்லை.

மெயின்லேண்ட் லிஸ்ட் எழுதும் முறை எனக்கு வந்தது. அதே வாட்ஸப் குழு. மேலே தள்ளிப் பார்த்தால் நான் போட்ட திருட்டுப் புகாரும் மன்னிப்பும் அப்படியே இருந்தன. அவற்றின் கீழே, 'சென்னையிலிருந்து யாராவது வருகிறீர்களா? ஒரு பட்டுப் புடவை கொண்டுவர வேண்டும்' என்று எழுதினேன். இரண்டு நாள் ஒரு பதிலும் இல்லை. எனக்கு வேண்டியதுதான் என்று இருந்தேன்.

மூன்றாம் நாள் அப்பாராவ் எழுதினார். 'மை ஜா ரஹா ஹூ. நம்பர் தோ.' நான் போகிறேன், நம்பர் கொடு.

அவருடைய பிக்கப்பில் கியர்பாக்ஸ் போய், வண்டி வீட்டில் நின்றது. அதற்கு உதிரிபாகம் வாங்கச் சென்னை போகிறார். நான் பறித்த வேலை, நான் போட்ட பழி, இரண்டும் இருக்க, என் மனைவியின் புடவைக்குத் தன் பெட்டியில் இடம் கொடுக்கிறார். மச்சானின் நம்பரை மட்டும் அனுப்பினேன்.

அவர் திரும்பிய நாளில் ஜீப்போடு ஜெட்டிக்குப் போனேன். விஜயாவும் வந்தாள். அப்பாராவ் படகிலிருந்து இறங்கியதும் என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. நேராக அவளிடம் போய், புடவைப் பெட்டியை இரண்டு கையாலும் நீட்டினார்.

"லோ பாபீ. சோரி கா மால்."

இந்தாங்க அண்ணி, திருட்டுச் சரக்கு. ஜெட்டியில் சுமை தூக்குபவர்களிலிருந்து டிக்கெட் கிழிப்பவர் வரை சிரித்தார்கள். எல்லோரும் அந்தக் குழுவில் இருப்பவர்கள். விஜயா சிரித்த சிரிப்பில் பெட்டி கீழே விழப் பார்த்தது. அப்பாராவும் அப்போதுதான் சிரித்தார். அவருடைய கியர்பாக்ஸ் சாமான்களை நானே தூக்கி ஜீப்பில் ஏற்றினேன். வீடு வரை கொண்டுவிடுகிறேன் என்றதற்கு, பின்னால் தாவி ஏறி உட்கார்ந்தார்.

அவர் வீடு ஏழாம் நம்பர் ஏற்றத்துக்கு அந்தப் பக்கம். விஜயா புடவைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்தாள். அன்று குழாய் வெடித்த வளைவு வந்ததும் வண்டியை நிறுத்தச் சொன்னாள். பெட்டியை இருக்கையில் வைத்துவிட்டு இறங்கினாள். பானட்டைத் தூக்கி, இரண்டு ஹோஸின் முனைகளையும் விரலால் சுற்றித் தடவினாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"காஞ்சு கெடக்குது," என்றாள்.

இருந்தாலும் ஏறி உட்கார்ந்து, அந்த விரலை என் சட்டையில் நன்றாகத் துடைத்துக்கொண்டுதான் புடவைப் பெட்டியைத் தொட்டாள்.